பார்க்காத சங்கிலி

இன்று காலை ஜீப்பின் இருக்கைக்கு அடியில் ஸ்பேனர் தேடிக் கையை விட்டபோது அது விரலில் பட்டது. அட்டை என்று நினைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் தோல். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, வெளிர் நீலம், ஓரங்கள் சுருண்டு அப்பளம்போல் விறைத்திருந்தது. நடுவில் சங்கிலியின் இரண்டு கண்ணிகள் அழுந்திய தடம். சேற்றில் பதிந்து காய்ந்த கால்தடம்போல அவ்வளவு தெளிவாக. மூக்கருகே கொண்டுபோனேன். இவ்வளவு காலம் கழித்தும் லேசாகப் புளிப்பு. உன் கைப்பையிலும் உன் துப்பட்டாவிலும், நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுகூட அடித்த அதே வாசனை. அதோடு ஒரு நூலில் உன் லேபின் சீட்டு ஒன்றும் தொங்கியது. சீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உனக்கு அது தெரியும். உன் அடக்கத்தின்போது எல்லோரும் உன்னிடம் பேசினார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பேசினால் கேட்பாய் என்று நினைக்க என்னால் முடியவில்லை. இப்போதும் அப்படித்தான். ஆனாலும் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இன்று அதை வேறொருவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நீ. ஆகவே இது கடிதம் இல்லை, தாமதமாக வந்த அறிக்கை என்று வைத்துக்கொள்.

அந்தச் சின்ன டிராக்டரை நாம் சேர்ந்து வாங்கியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த இரண்டு பேர், ஒருத்தி ஆம்பூரில் தோல் தொழிற்சாலை லேபில், இன்னொருத்தி வேலூரில் கல்லூரி வகுப்பறையில். உனக்கு மாதனூரில் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு, எனக்குக் காட்பாடிக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு. பெரிய டிராக்டர் மரங்களுக்கு நடுவில் நுழையாது. ஆள் கூப்பிட்டால் சொன்ன நாளில் வர மாட்டார்கள். "நாமளே ஒண்ணு வாங்கிடலாம் டீ. ஆறு மாசம் எங்கிட்ட, ஆறு மாசம் உங்கிட்ட" என்றாய். இடுப்பளவு உயரத்தில் ஒரு பொம்மைபோல வந்து இறங்கியது அது. இரண்டு தோப்புக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது என்பது பிறகுதான் நம் இருவருக்கும் உறைத்தது. அது போகிற வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டிப்போனால் காலையில் கிளம்பியது சாயங்காலம்தான் வந்து சேரும். பின்னால் வருகிற லாரிகள் அதுவரை சும்மா இருக்காது.

அப்படித்தான் டிரெய்லர் வந்தது. உன் அப்பாவின் பழைய ஜீப் இழுக்கும் அளவுக்குச் சின்னதாக, ஓர் அச்சு, இரண்டு சக்கரம். ஆம்பூர் பைபாஸ் பக்கத்தில் இருந்த வெல்டிங் பாயிடம் செய்யச் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"இன்னா மேடம், ரெண்டு லேடீஸ் சேர்ந்து டிராக்டரக் கட்டி இழுத்துட்டுப் போகப் போறீங்களா? ஒரு டிரைவர வச்சுக்கறது."

"டிரைவர் வச்சா அவர் டீ குடிக்கிற எடத்துலலாம் நாங்க நிக்கணும் பாய். நீங்க வெல்டிங்க ஒழுங்கா வைங்க, போதும்."

"என் வெல்டிங்கப் பத்திப் பேசாதீங்க. யானையக் கட்டி இழுக்கலாம்."

"யானை வேணாம். இந்த ப்ரொபசர் ஏறி நின்னு செக் பண்ணுவாங்க, அதுக்குத் தாங்கினா சரி."

அவர் சொன்ன பாடம் ஒன்றுதான். "வெயிட்டு மூக்குல, ஜீப்புல மாட்டற எடத்துல, கொஞ்சம் ஜாஸ்தி இருக்கணும் மேடம். வண்டிய முன்னாடி தள்ளி நிறுத்துங்க. பின்னாடி ஜாஸ்தி ஆச்சுன்னா டிரெய்லரு வால் ஆட்டும். அது ஆட்ட ஆரம்பிச்சா ஜீப்பையும் சேர்த்து ஆட்டும்." எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டேன். "ஒரு ஆளு மூக்கத் தூக்க முடியக் கூடாது. ரெண்டு ஆளு தூக்கணும்" என்றார். இப்படி ஓர் அளவை நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்? மறுநாள் வீட்டிலிருந்து எடை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தேன். ஒரு பலகை, ஒரு முனை செங்கல்மேல், மறுமுனை கருவிமேல். செங்கலிலிருந்து ஓரடியில் டிரெய்லரின் மூக்கு, மூன்றடியில் கருவி. டிராக்டரை ஏற்றி, முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, வந்த எண்ணை மூன்றால் பெருக்கி, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மூக்கில் நிற்கும்வரை விடவில்லை. அந்த இடத்தில் முன்சக்கரத்துக்கு நேராகப் பலகையில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டேன். பிறகு நீ பாயைக் கூப்பிட்டு மூக்கைத் தூக்கச் சொன்னாய். ஒற்றை ஆளாக முடியவில்லை. நீயும் சேர்ந்து பிடித்ததும் எழும்பியது. "பாத்தியா, நீ மூணால பெருக்கிக் கண்டுபிடிச்சத அவர் முதுகுவலியில கண்டுபிடிச்சிட்டாரு." அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் என்னை ஓட்டினாய்.

ஆனால் உண்மையான விதி ஒன்று உன்னிடமிருந்து வந்தது. டிராக்டரை ஏற்றி, கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்னால் இருக்கிற உழவுக் கலப்பையை டிரெய்லர் பலகைமேல் இறக்கி, நான்கு மூலையிலும் நான்கு சங்கிலி கட்டி, இறுக்கும் திருகை முறுக்கியது நீ. முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "கட்டினவ பாக்கக் கூடாது. கட்டாதவ தான் பாக்கணும்." உன் லேபில் அதுதான் வழக்கம். ஒருவர் சோதனை செய்து கையெழுத்துப் போடுவார், வேறொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இரண்டு கையெழுத்து இல்லாத தோல் வெளியே போகாது. நாம் செய்ததை நாமே பார்த்தால், இருப்பதைப் பார்க்க மாட்டோம், செய்ததாக நினைப்பதைத்தான் பார்ப்போம் என்பாய். அதைவிட நல்ல விஞ்ஞான விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கொடுத்ததில்லை.

பார்க்கும் இடமும் முடிவாகிவிட்டது. தோப்பிலிருந்து மண்பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்து, சர்வீஸ் ரோட்டில் ஏறி, நெடுஞ்சாலையில் சேர்வதற்கு முன்னால், மூடிக் கிடக்கிற லாரி எடைமேடைக்கு எதிரில். கட்டும்போது இறுக்கமாக இருக்கிற சங்கிலி நாலைந்து கிலோமீட்டர் குலுங்கியதும் எங்கேயாவது ஒரு கண்ணி புரண்டு தளரும். அதனால் அங்கே நிறுத்தி, பக்கத்தில் இருப்பவள் இறங்கி, ஒரு சுற்று வந்து நான்கு சங்கிலியையும் கையால் அழுத்திப் பார்த்து, கொக்கியின் பூட்டைத் தொட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏற வேண்டும். நீ கேட்பாய்: "பாத்தியா?" நான் சொல்வேன்: "பாத்துட்டேன்." நீ மறுபடியும் கேட்பாய்: "நாலும்?" "நாலும்." அதற்குப் பிறகுதான் கியர் விழும்.

நீ ஓட்டும்போது நான் பார்த்துக்கொண்டே வருவேன். நாற்பதுக்கு மேல் போக மாட்டாய். அந்த நாற்பதிலும் ராணிபோல உட்கார்ந்திருப்பாய். ஏதோ ஞானப்பாட்டை முனகிக்கொண்டு, முழங்கையை ஜன்னலில் வைத்து, பின்னால் நம் பொம்மை வருகிறதா என்று கண்ணாடியில் ஒரு பார்வை. லேபில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிறவளுக்கு அந்த ஐம்பது கிலோமீட்டர்தான் விடுமுறை. "இந்த ரோட்ல நான்தான் டீ பெரிய மனுஷி. எல்லாரும் ஒதுங்கிப் போறான் பாரு" என்பாய்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

தூறல். டிராக்டருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தோம். முன்பக்கச் சங்கிலி உரசி உரசிப் பெயின்ட் உரிகிறது என்று உனக்கு வருத்தம். லேபில் சோதனை முடிந்த ஈரத்தோல் துண்டுகள் உன் பையில் எப்போதும் இருக்கும். குரோமில் பதப்படுத்தி இன்னும் காயாத, கனமான நீலத் துண்டுகள். அதில் இரண்டை மடித்து முன்சங்கிலிகளுக்கு அடியில் மெத்தைபோல் வைத்து இறுக்கினாய். ஆம்பூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அப்படிச் செய்யத் தோன்றும். நம் ஊரில் ஆடாமல் நிற்க மேஜைக்காலுக்கு அடியில் வைப்பதும் தோல், கதவு இடுக்கில் செருகுவதும் தோல். நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஈரத்தோலை அழுத்தினால் தண்ணீர் பிழிந்து போகும், காற்றில் காய்ந்தால் தடிமன் குறையும் என்பது நம் இருவருக்கும் தெரியாத விஷயமா? இருவருமே யோசிக்கவில்லை.

அன்று எனக்குப் பத்து மணிக்குக் கல்லூரியில் வைவா. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். கஞ்சி மொடமொடப்பு மாறாத பருத்திப் புடவை கட்டியிருந்தேன். எடைமேடைக்கு எதிரில் நிறுத்தினாய். நான் கதவைத் திறந்தேன். சேறு. ஒரு காலைக் கீழே வைத்தேன், குடையை விரித்தேன், கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஜீப்பின் பக்கத் தகட்டை ஒரு தட்டுத் தட்டினேன். திரும்ப ஏறிக்கொண்டேன்.

"பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"நாலும்?"

"நாலும்."

இவ்வளவுதான். இதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஒரு ஆம்னி பஸ் நம்மைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லர் ஒருமுறை லேசாக வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு இடப்பக்கம். நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிட அகலமாக வந்தது. ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. உன் பாட்டு நின்றது. நான் கத்தினேன்: "பிரேக் போடு டீ!"

"பேசாத."

அவ்வளவு அமைதியாக நீ பேசி நான் கேட்டதில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாய். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவும் இல்லை. நேராகப் பிடித்துக்கொண்டு, வண்டி தன் பாட்டுக்கு வேகம் இழக்கட்டும் என்று விட்டாய். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்திருந்தால் டிரெய்லர் நம்மைத் தள்ளி மடக்கியிருக்கும். எனக்கு அது புத்தகத்தில் தெரியும். உன் காலுக்குத் தெரிந்தது. எதிரே மேம்பாலத்தின் கைப்பிடிச்சுவர் வந்தது, போனது. ஆட்டம் குறைந்தது. ஓரமாகச் சென்று நின்றோம். உன் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாய்.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். டிராக்டரின் முன்சக்கரம் என் மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் நின்றது. முன்பக்க இடது சங்கிலி தொய்ந்து தொங்கியது. வலது சங்கிலியைக் கையால் ஆட்ட முடிந்தது. நீ அந்த நீலத் துண்டை எடுத்துப் பார்த்தாய். அப்பளமாக நசுங்கி, கண்ணிகளின் தடத்தோடு.

"என் தப்பு டீ. நான்தான் வச்சேன். ஒன்னையும் சேர்த்துக் கொன்னுருப்பேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதுபோல் உனக்குக் கேட்டிருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

ஈரத்தோல் நசுங்கும், அதை வைத்தது தப்புதான். ஆனால் தப்பு நடக்கும் என்பதற்காகத்தான் அந்த எடைமேடை நிறுத்தமே. அந்த நாலைந்து கிலோமீட்டர் மண்பாதையில் தண்ணீர் பிழிந்துபோய்ச் சங்கிலி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நான் ஒரு சுற்று வந்திருந்தால் விரலால் தொட்ட உடனே தெரிந்திருக்கும். உன் கையெழுத்து சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது கையெழுத்துத்தான் பொய்.

வைவாவுக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். புடவை நனைந்திருந்தது.

அதன்பிறகு நீ அதை ஒரு நகைச்சுவையாக ஆக்கிவிட்டாய். யார் வந்தாலும் சொல்வாய். "நான் யாரு தெரியுமா? தோல் கெமிஸ்ட்டு. கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சுருங்காதுன்னு நான் சர்ட்டிபிகேட் குடுத்த தோலு, என் சங்கிலிக்கு அடியில சுருங்கிடுச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் நான் மறுபடியும் "நாலும்" என்று சொன்னதற்குச் சமம்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த முறை சங்கிலியை என் கையில் கொடுத்தாய். "நீயே கட்டு. நீ ஒழுங்கானவ." சாவியையும் கொடுத்தாய். "எனக்குக் கை நடுங்குது டீ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அதன்பிறகு நான்கு வருடம், டிரெய்லர் மாட்டிய ஜீப்பை நீ ஒருமுறைகூட ஓட்டவில்லை. நான் ஓட்டினேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பாடாமல் வந்தாய். எடைமேடைக்கு எதிரில் இறங்கி ஒவ்வொரு சங்கிலியாக அழுத்தி, குனிந்து, அடியில் எட்டிப் பார்த்து, கொக்கியை உலுக்கி, நேரமெடுத்துக்கொண்டு வருவாய். நான் கேட்காமலே சொல்வாய்: "நாலும் பாத்துட்டேன்." அந்த நான்கு வருடமும் எனக்குப் பக்கத்து இருக்கையில்தான் வாய்ப்பு உட்கார்ந்திருந்தது. உன் சாலையை உன்னிடம் திருப்பிக் கொடுக்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. இவ்வளவு நாள் கழித்தா, எதற்கு, என்ன பயன் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். சந்தேகப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அதை என்மேல் மட்டும் திருப்பியதில்லை.

மருத்துவமனையில் உன் கடைசி வாரங்களில் ஒருநாள் சொல்லிவிடுவது என்றே வந்தேன். நீ ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாய். "மழையா டீ வெளிய?" என்றாய். லேசாக என்றேன். "வண்டி மேல தார்ப்பாய் போட்டியா?" போட்டேன் என்றேன். "நீ போட்டிருப்ப. நீ எதையும் பாத்துத்தான் செய்வ." சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். நீ சாப்பிடவும் இல்லை.

எட்டு மாதம் ஆகிறது.

டிராக்டர் உன் தோப்பில்தான் நின்றது. போன வாரம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்புக்கே போய்விடுகிறார். தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரிடம் சொந்த மிஷின் இருக்கிறதாம். "இது உங்க ரெண்டு பேரோட வண்டி மேடம். நீங்க எடுத்துட்டுப் போங்க. ஜீப்பையும்தான். எனக்கு அத பாக்கப் பாக்க..." என்று நிறுத்திவிட்டார்.

இன்று காலை போனேன். ஸ்பேனர் தேடியதும் தோல் கிடைத்ததும் அப்போதுதான். அதை என் பையில் போட்டுக்கொண்டேன், அவரிடம் காட்டவில்லை. நான் சங்கிலியை எடுக்கப் போக, அவர் முந்திக்கொண்டார்.

"முப்பது வருஷமா ரயில் பெட்டிங்க அடியில பூந்து பாத்தவன் மேடம். சங்கிலிய எங்கிட்ட விடுங்க."

"சரி அண்ணா. அப்ப நான்தான் பாக்கணும்."

"அவ ரூலா?"

"ஆமா."

"வீட்லயும் அதே ரூல்தான். நான் கொழம்பு வச்சா அவ உப்பு பாப்பா. ஒருநாளும் பாஸ் பண்ணதில்ல." சொல்லிவிட்டுத் திருகை முறுக்கத் தொடங்கினார். தேவையைவிட அதிகநேரம் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

முன்சக்கரம் மஞ்சள் கோட்டில் நின்றது. சங்கிலிக்கு அடியில் எதையும் வைக்கவில்லை. பெயின்ட் எப்போதோ போய்விட்டது. காட்பாடிவரை கூடவே வந்துவிட்டு ரயிலில் திரும்புவதாகச் சொல்லி அவரும் ஏறிக்கொண்டார். உன் இடத்தில் நான், என் பழைய இடத்தில் அவர். மண்பாதையைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் ஏறி, எடைமேடைக்கு எதிரில் நிறுத்தினேன். வெயில் அடித்தது. இறங்கினேன்.

முன் இடது. அழுத்தினேன், அசையவில்லை. முன் வலது, இறுக்கம். பின் வலது சங்கிலி விரலுக்கு லேசாக இணங்கியது. அவ்வளவு பலமாக முறுக்கியும் ஒரு கண்ணி புரண்டிருந்தது. நேராக்கி, திருகை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பின் இடது சரி. கொக்கியின் பூட்டு, விளக்கு. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தின் நீளத்தை அங்கே நின்று கணக்குப் பார்த்தேன். அவ்வளவு சின்னது அது.

ஏறி உட்கார்ந்ததும் உன் வீட்டுக்காரர் சிரித்தார். "அவ சொல்லுவாளே மேடம், கொதிக்கிற தண்ணியில சுருங்காத தோலு..."

"அண்ணா, அது அவ தப்பு இல்ல" என்றேன். "அன்னிக்கு இதே எடத்துல பாக்க வேண்டியவ நான். நான் பாக்கல. பாத்துட்டேன்னு சொன்னேன்."

ஒரு லாரி போனது, இன்னொன்று போனது.

"மழையா அன்னிக்கு?"

"தூறல்தான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்ல. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டா. தெரியலேன்னாலும் சொல்லியிருக்க மாட்டா." தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு மேடம். அவ ஓட்டறத வுட்டது எனக்கு ரொம்ப பேஜாரா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைன்னா காலையிலயே ஜீப்பத் தொடச்சிட்டு நிப்பா. அப்புறம் அதையும் வுட்டுட்டா."

மன்னிக்கிறேன் என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவரிடம் எனக்கு நன்றி. "வண்டிய எடுங்க" என்றார். எடுத்தேன். பள்ளிகொண்டா மேம்பாலத்தை நாற்பதிலேயே தாண்டினோம்.

காட்பாடி ஸ்டேஷனில் அவரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். டிராக்டர் இறங்கி மாமரத்தடியில் நிற்கிறது. இப்போது சாயங்காலம். உன் துண்டு என் மேஜைமேல் இருக்கிறது. சீட்டைப் படிக்கிறேன்.

உன் லேபில் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டுகிற அச்சடித்த சீட்டுதான். கட்டங்களை உன் சாய்ந்த கையெழுத்தில் நிரப்பியிருக்கிறாய். மாதிரி: முன் இடது சங்கிலி. இடம்: எடைமேடை முதல் பள்ளிகொண்டா வரை. முடிவு: தளர்ந்தது. செய்தவர் என்கிற கட்டத்தில் உன் சுருக்கக் கையெழுத்து. சரிபார்த்தவர் என்கிற கட்டம் காலியாக இருக்கிறது.

அந்தக் காலிக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தேன். ஜீப்பின் இடப்பக்கக் கண்ணாடியில் நான் ஒரு காலை மட்டும் கீழே வைத்ததை நீ பார்த்திருக்கலாம். கண்ணாடியில் மழைத்துளி இருந்தது, பார்த்திருக்கவும் முடியாது. பொய்யாக என் பெயரை எழுத உனக்கு மனம் வரவில்லையா, என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா, அல்லது வேடிக்கைக்கு எழுதிப் பாதியில் விட்டாயா? மூன்றில் எதற்கும் என்னிடம் சான்று இல்லை. தெரிந்துதான் வைத்திருந்தாய், தெரிந்தே மன்னித்தாய் என்று நம்பிக்கொள்வது எனக்கு வசதி. வசதியாக இருக்கிற முடிவுகளை நம்பக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்கிறவள் நான். ஆகவே தெரியாது என்றே விடுகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள நான்கு வருடம் இருந்தது. ஐம்பது கிலோமீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாய்.

பேனாவை எடுத்து, சரிபார்த்தவர் என்கிற கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். இப்போது அந்தச் சீட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. நாளைக் காலை அதைத் தோலோடு சேர்த்து, நீ வைத்த இடத்திலேயே, இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

அடுத்த மாதம் பக்கத்து ஊரில் ஒருவர் உழவுக்கு டிராக்டர் கேட்டிருக்கிறார். பத்துக் கிலோமீட்டர்தான். கட்ட அவரே வருவதாகச் சொன்னார். வரட்டும், அவர் கட்டட்டும். வழியில் எங்கேயாவது நிறுத்தி நான் இறங்குவேன். முன் இடதில் தொடங்கி ஒரு சுற்று வருவேன். ஏறி உட்கார்ந்தபிறகு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தும், கியரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் காத்திருப்பேன். நீ "நாலும்?" என்று கேட்பதற்கு ஆகிற நேரம். அதன்பிறகு சொல்வேன், வாய்விட்டே சொல்வேன்: நாலும்.